ஐந்தாவது மஞ்சள் அட்டை

கெல்டர்பி
5 பிப்ரவரி 1995

அன்புள்ள வால்ட்டர் அண்ணா,

இங்கே நான் சுகம். இருமல் மட்டும் வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி நெஞ்சைக் காலி பண்ண மாட்டேன் என்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரியில் கொடுத்த காது மெஷினைக் காதில் போடுகிறாயா, டிராயருக்குள் போட்டிருக்கிறாயா? போன வாரம் போனில் நான் தொண்டை கிழியக் கத்தியதற்கு நீ "ஆமா, இங்கயும் மழைதான்" என்றாய். கப்பல் பட்டறையில் காலமெல்லாம் இரும்புத் தகடு அடித்த காதுக்குக் கடுதாசிதான் சரி.

சேதி தெரியுமா? நாம் முதலிடம்! கெல்டர்பி கால்பந்து கிளப்புக்குச் சம்பளமில்லாத செயலாளராக நான் வந்த நாளிலிருந்து புள்ளிப் பட்டியலைக் கீழேயிருந்து படித்துத்தான் பழக்கம். இப்போது முதல் வரியிலேயே நம் பெயர் நிற்கிறது. இந்த லீகில் முதலாவதாக முடிக்கும் ஒரே அணிதான் மேல் லீகுக்கு ஏறும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவதாக வந்து அழுவதற்கு, பட்டறை வேலைக்காக நீ நம் ஊரை விட்டுப் போய்க் குடியேறிய மார்ஷ்போர்ட் இருக்கவே இருக்கிறது.

எல்லாம் லோமாக்ஸ் வந்த நேரம். உங்கள் மார்ஷ்போர்ட் ஜனவரியில் கழற்றிவிட்டதே, அந்த லோமாக்ஸ்தான். நம் தலைவர் ராய்க்ராஃப்ட் தன் கம்பளக் கடையைக்கூட இரண்டு நாள் பூட்டிவிட்டுப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார். சீசன் நடுவில் வெளியூர் ஆள் நமக்கு வருவது இதுதான் முதல் தடவை. வந்த முதல் ஆட்டத்திலேயே நடுவரிடம் வாய் கொடுத்து மஞ்சள் அட்டை வாங்கினான். "தம்பி, முதல் நாளே ஆரம்பிச்சிட்டியா? சீசன்ல அஞ்சு மஞ்சள் சேர்ந்தா அடுத்த மேட்ச் வெளியில உக்காரணும், தெரியும்ல?" என்றேன். "ஒண்ணுதானே மேடம், இன்னும் நாலு இருக்கு" என்று கண்ணடித்தான்.

நேற்று இரண்டாவது ஆட்டம், ஸ்டாவெல் அணியோடு. முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது தலையால் முட்டி ஒரே கோல் போட்டான். ராய்க்ராஃப்ட் என்னைத் தூக்கிச் சுற்றினார். என் இடுப்பு இன்னும் வலிக்கிறது, வலிக்கட்டும்.

குளிரில் தலையை மூடிக்கொண்டு போ.

உன் தங்கை,
எட்னா


மார்ஷ்போர்ட்
14 பிப்ரவரி 1995

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் பார்த்து முழங்கால் வலி கொஞ்சம் மறந்தது. மெஷின் டிராயரில்தான் இருக்கிறது. போட்டால் என் பல் கடிக்கும் சத்தம்தான் கேட்கிறது. இருமலுக்குத் தேன் சாப்பிடு, ராய்க்ராஃப்ட் தூக்கினால் கீழே இறங்கு.

கெல்டர்பி முதலிடம் என்று பக்கத்து வீட்டு பெர்சியிடம் காட்டினேன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன், பிறந்ததிலிருந்து மார்ஷ்போர்ட் பைத்தியம். உன் அண்ணி நோரா போனதிலிருந்து சனிக்கிழமை ஆட்டத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கும் என்னை இழுத்துக்கொண்டு போவது அவன்தான். "டேய் வால்ட்டர், மே மாசம் வரட்டும், உங்க ஊர்க்காரங்க மூஞ்சிய நான் பாக்கணும்" என்று என் முகத்துக்கு நேராக, உதடு தெளிவாகத் தெரியும்படி சொன்னான். கெட்ட வார்த்தையைக்கூட எனக்காகத் திருத்தமாகச் சொல்லும் நல்ல மனுஷன்.

லோமாக்ஸ் உன்னிடம் இன்னும் நாலு இருக்கிறது என்றானா? அந்த நாலையும் இங்கே செலவழித்துவிட்டல்லவா வந்தான்! ஒவ்வொன்றையும் நான் கண்ணால் பார்த்தேன். புது ஊரில் புதுக் கணக்கு ஆரம்பிக்கிறான் போலிருக்கிறது. அனுபவி.

டிவியில் பார்க்க ஒன்றும் இல்லை. நம் நாட்டு நடிகர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறார்கள், உதட்டைப் படிக்க முடிவதில்லை. அதனால் வெளிநாட்டுப் படம்தான், சப்டைட்டிலாவது போடுகிறான். போன ஞாயிறு ஒரு ஜப்பான் படம். ஒரு குடும்பம் இரண்டு மணி நேரம் டீ குடிக்கிறது, கோல் எதுவும் விழவில்லை. பெர்சி தூங்கிவிட்டான். நான் கடைசியில் அழுதேன், யாரிடமும் சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன் வால்ட்டர்


கெல்டர்பி
12 மார்ச் 1995

அன்புள்ள அண்ணா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கிளப் வேலை. உன் முழங்கால் தேவலையா? எனக்கு இருமல் நின்றுவிட்டது, தூக்கம்தான் சரியில்லை.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி நாடகம் நீ பார்க்கிறாயா? அதில் ஒரு நர்ஸ் தெரியாமல் ஒரு மருந்தை மாற்றிக் கொடுத்துவிடுகிறாள். நோயாளி எழுந்து வீட்டுக்கே போய்விட்டான். யாருக்கும் தெரியாது. இப்போது அவள் பெரிய டாக்டரின் அறைக்கு வெளியே நிற்கிறாள், அதோடு நிறுத்திவிட்டார்கள். அவள் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்?

இன்னொன்று. லோமாக்ஸ் மஞ்சள் அட்டை வாங்கியதை நாலு தடவை பார்த்தேன் என்று எழுதியிருந்தாயே, நிச்சயமாக நாலுதானா? நீ ஆட்டத்தில் பாதி நேரம் தின்கிற இறைச்சி ரொட்டியைத்தானே பார்த்துக்கொண்டிருப்பாய். வேறு ஆளாக இருக்கலாமில்லையா?

சும்மாதான் கேட்டேன்.

எட்னா


மார்ஷ்போர்ட்
16 மார்ச் 1995

அன்புள்ள எட்னா,

நலம். உன் கடிதம் முழுப் பக்கம்கூட இல்லை. நாம் முதலிடத்தில் இருக்கும்போது ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் எழுதுகிற ஒரே கெல்டர்பிக்காரி நீதான். தூக்கத்துக்குப் பால் குடி.

என் காதைச் சந்தேகப்படு, கண்ணைச் சந்தேகப்படாதே. முதலாவது, மழையில் பந்தை வேண்டுமென்றே கேலரிக்கு மேலே உதைத்தான். இரண்டாவது, கோல்கீப்பரின் காற்சட்டையைப் பிடித்து இழுத்தான், பாவம் அந்த ஆளுக்குப் பாதி மானம் போயிற்று. மூன்றாவது நடுவரிடம் பேசியதற்கு. நான் உதட்டைப் படித்தேன்: "சார், கண்ணாடி வீட்லயே வெச்சிட்டு வந்துட்டீங்களா, இல்ல கண்ணையேவா?" நாலாவது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், நடுவரைப் பார்த்துக் கேலியாகக் கை தட்டினான். பெர்சி சாட்சி. நேற்று அவனிடமும் உன் கேள்வியைச் சொன்னேன், "நாலேதான், உன் தங்கச்சிக்கு எதுக்கு அது?" என்றான். எதுக்கு?

நர்ஸ் விஷயம். நோயாளி பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டானே, அப்புறம் என்ன? வாயை மூடிக்கொண்டு டீ குடிக்கப் போக வேண்டியதுதான். பெரிய டாக்டரும் அதைத்தான் விரும்புவார். நாடகம் எழுதுகிறவர்களுக்கு வேறு வேலையில்லை.

நாம் மார்ஷ்போர்ட்டைவிட மூன்று புள்ளி மேலே. அப்பா காலத்திலிருந்து நமக்கு இப்படி ஒரு மார்ச் மாதம் வந்ததில்லை. எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அண்ணன்


கெல்டர்பி
2 ஏப்ரல் 1995

அன்புள்ள அண்ணா,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே வெயில் வந்துவிட்டது, திடலில் புல் நன்றாக இருக்கிறது. நான் இளைத்துவிட்டேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒன்றும் இல்லை.

நர்ஸைப் பற்றி நீ எழுதியதைப் பல தடவை படித்தேன்.

பெர்சியிடம் லோமாக்ஸ் பேச்சை எடுக்காதே. சினிமா பேசு, டிவி பேசு, அவன் மகள் வீட்டைப் பற்றிப் பேசு. என் கேள்வியை அவனிடம் ஏன் சொன்னாய்? இனிமேல் என் கடிதத்தை யாரிடமும் காட்டாதே, அண்ணா. தயவு செய்து.

எட்னா


மார்ஷ்போர்ட்
6 ஏப்ரல் 1995

எட்னா,

உடம்பு விசாரிப்பெல்லாம் அப்புறம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்தபடி நின்றேன், அணைக்கத் தோன்றவில்லை. இங்கே நாலு. அங்கே முதல் ஆட்டத்தில் ஒன்று. அது ஒன்றாவது இல்லை, ஐந்தாவது. அப்படியென்றால் ஸ்டாவெல்லோடு ஆடிய அன்று அவன் கோட்டுப் போட்டுக்கொண்டு கேலரியில் உட்கார்ந்திருக்க வேண்டியவன். அந்த கோல், அந்த மூன்று புள்ளி எதுவும் நம்முடையது இல்லை.

நர்ஸ் நீதானா?

நான் விளையாட்டாக எழுதியது. கை வெந்துபோகட்டும் எனக்கு. ஆனால் கேள். மார்ஷ்போர்ட் கிளப்பே கவனிக்கவில்லை. லீக் ஆபீஸ் கவனிக்கவில்லை. தெரிந்தவர்கள் நீயும் நானும். நான் செவிடு, நீ ஊமையாக இரு. இன்னும் ஒரு மாதம்தான். நம் ஊர் மேல் லீகில் ஆடுவதைப் பார்க்க நான் வாழ்நாள் முழுக்கக் காத்திருக்கிறேன். இப்போது நீ போய் அதைத் தட்டிவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும், பொய்யில்லை.

இதைப் படித்ததும் கிழித்துவிடு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

வால்ட்டர்


கெல்டர்பி
10 ஏப்ரல் 1995

அன்புள்ள அண்ணா,

உனக்குத் தெரிந்தது நல்லதாயிற்று. தனியாகச் சுமக்க முடியவில்லை.

உன் பிப்ரவரிக் கடிதத்தைச் சிரித்துக்கொண்டுதான் படித்தேன். பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. நம் பையன்கள் எல்லோரும் இந்த ஊரிலேயே பிறந்து இங்கேயே ஆடுகிறவர்கள், அதனால் வேறு கிளப்பில் வாங்கிய அட்டை கூடவே வருமா என்ற கேள்வியே எனக்கு வந்ததில்லை. லீக் ஆபீசுக்கு போன் செய்து, பெயர் சொல்லாமல், பொதுவாகக் கேட்டேன். ஒரு சின்னப் பெண் எடுத்தாள். "அட்டை ஆளோடதான் போகும் மேடம், கிளப்போட தங்காது. தெரியாம ஆட விட்டா அந்த மேட்ச் புள்ளி போயிடும்" என்று குஷியாகச் சொன்னாள்.

ராய்க்ராஃப்டிடம் போனேன். கம்பளச் சுருள்களுக்கு நடுவில் நின்று முழுவதும் கேட்டார். பிறகு, "எட்னா, நீங்க எங்கிட்ட எதுவும் சொல்லல. நான் எதையும் கேக்கல. பாவம், உங்களுக்கு ஓய்வு தேவப்படுது" என்றார். லோமாக்ஸைக் கேட்டேன். "எனக்கு கோல் கணக்குதான் மேடம் தெரியும்" என்கிறான்.

நான் ஒன்று நினைத்து வைத்திருக்கிறேன். சீசன் முடியும்போது மார்ஷ்போர்ட்டைவிட மூன்று புள்ளி மேலே இருந்தோமானால், அந்த மூன்றைத் திருப்பிக் கொடுத்துப் புள்ளி சமமானாலும், கோல் கணக்கில் நாம்தான் முதல். அப்போது நானே எழுதி அனுப்புவேன். யாருக்கும் நஷ்டமில்லை, ஊரும் மேலே போகும், நானும் தூங்குவேன். அதுவரை வாயைத் திறக்க மாட்டேன். எல்லோரும் ஜெயித்தால் போதும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். எனக்கு மட்டும் அது போதாது.

இது கோழைத்தனமா என்று கேட்காதே. கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வேன்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

எட்னா


மார்ஷ்போர்ட்
30 ஏப்ரல் 1995

அன்புள்ள எட்னா,

நலம், நலம், நலம்! செய்தியை எழுத்தில் காட்டும் டிவிப் பக்கத்தில் ஸ்கோர் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். நீங்கள் ஜெயித்தீர்கள், இங்கே மார்ஷ்போர்ட் டிரா. ஐந்து புள்ளி மேலே, ஒரே ஆட்டம் பாக்கி. இனிக் கடவுளே வந்து ஆடினாலும் மார்ஷ்போர்ட் உங்களைப் பிடிக்க முடியாது. கெல்டர்பி மேலே ஏறியாயிற்று! சமையலறையில் தனியாக ஆடினேன், முழங்கால் கோபித்துக்கொண்டது.

உன் கணக்கும் ஏறக்குறைய முடிந்தது. கடைசி ஆட்டத்தில் நீங்கள் தோற்காமல் இருந்தால் போதும். அல்லது மார்ஷ்போர்ட் ஜெயிக்காமல் இருந்தால் போதும். உங்களுக்கு வருவது கடைசி இடத்து அணி, அவர்களில் பாதிப் பேருக்கு ஷூ லேஸே கட்டத் தெரியாது. உன் மனசாட்சிக்கு இதைவிட லேசான எதிரி கிடைக்காது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நேற்று ஆட்டம் முடிந்து கேலரி காலியானபின்னும் பெர்சி எழுந்திருக்கவில்லை. அவனுக்கு எழுபத்து நாலு வயது, கண் கலங்கியிருந்தது. திடீரென்று என் தோளைத் தட்டி, "வால்ட்டர், லோமாக்ஸ் உங்க ஊருக்குப் போய் எப்ப முதல் மஞ்சள் வாங்கினான்? உன் தங்கச்சி ஏதாவது எழுதினாளா?" என்று கேட்டான். உதடு தெளிவாகத் தெரிந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு திடலைப் பார்த்தேன். செவிடனுக்குப் பொய் சொல்வது அவ்வளவு சுலபம், பார்க்காமல் இருந்தால் போதும். அவன் மறுபடி தட்டவில்லை.

இன்று அவன் வீட்டில் சாப்பிட்டேன். வறுத்த உருளைக்கிழங்கை எனக்கு இரண்டு தடவை எடுத்து வைத்தான்.

உடம்பைக் கவனி. சனிக்கிழமை தோற்காதீர்கள்.

அண்ணன்


கெல்டர்பி
8 மே 1995

அன்புள்ள அண்ணா,

உன் உடம்பு நன்றாக இருக்கட்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

சனிக்கிழமை ஊரே திடலில் இருந்தது. நாம்தான் முதல் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டதால் ஆட்டத்தை யாரும் ஆட்டமாக நினைக்கவில்லை. பையன்கள் வியாழக்கிழமையிலிருந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் முகத்தில் நீலச் சாயம் பூசிக்கொண்டு ஆடினார்கள். இருபதாவது நிமிஷமே எதிரணி ஒரு கோல் போட்டது. நம்மவர்கள் அதற்கும் கை தட்டினார்கள், பாவம் கடைசி இடத்து அணி, சந்தோஷப்படட்டும் என்று. ஜனங்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள். அவ்வளவு பேருக்கு நடுவில் நான் ஒருத்திதான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். மார்ஷ்போர்ட் ஜெயித்துக்கொண்டிருப்பதாக டீக்கடை ரேடியோவில் கேட்டுவிட்டு வந்திருந்தேன்.

கடைசி நிமிஷத்தில் நமக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. எனக்கு உயிர் திரும்பியது. லோமாக்ஸ் பந்தை வைத்துவிட்டான். அப்போதுதான் கேலரியில் பாட ஆரம்பித்தார்கள், "கோல்கீப்பர்! கோல்கீப்பர்!" என்று. ஜெயித்து முடித்த அணிகள் கடைசி நாளில் கோல்கீப்பரையே பெனால்டி அடிக்க விடுகிற குறும்பு உனக்கே தெரியும். நம் கோல்கீப்பர் ஹாப்லி, வாழ்க்கையில் ஒரு கோல்கூடப் போடாத தடியன், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை கையை ஆட்டிக்கொண்டு குலுங்கக் குலுங்க ஓடி வந்தான். லோமாக்ஸ் குனிந்து கும்பிட்டு வழிவிட்டான்.

நான் கத்தினேன் அண்ணா. வேலிக்கு ஓடிப் போய், "லோமாக்ஸ், நீ அடி! நீயே அடிடா!" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "விடுங்க எட்னா, ஹாப்லி ஆசப்படுறான்" என்றார்கள். ராய்க்ராஃப்ட் மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து, "உக்காருங்க" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஹாப்லி அடித்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்து கார் நிறுத்துமிடத்தில் விழுந்தது. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நடுவர் விசில் ஊதினார். எல்லோரும் திடலுக்குள் ஓடினார்கள். என்னை யாரோ கட்டிப் பிடித்தார்கள், யாரோ என் தலையில் நீலத் தொப்பி வைத்தார்கள். நான் அழுவதைப் பார்த்து, சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவர்களும் அழுதார்கள்.

இரண்டு புள்ளி, அண்ணா. மூன்று இல்லை, இரண்டு. மூன்றைத் திருப்பிக் கொடுத்தால் மார்ஷ்போர்ட்தான் முதல்.

இரண்டு நாளும் தெருவில் பாட்டுச் சத்தம். எனக்கு அந்த ஸ்டாவெல் பையன்களின் முகமும், நான் பார்த்தே இராத உன் பெர்சியின் முகமும் போகவே இல்லை. மூன்று புள்ளி இருந்தால் உண்மை சொல்வேன், இரண்டு இருந்தால் சொல்ல மாட்டேன் என்றால் அது என்ன உண்மை? உன்னைக் கேட்டால் தடுப்பாய். நீ தடுத்தால் நான் நின்றுவிடுவேன். அதனால் கேட்கவில்லை.

லீகுக்கு எழுதியதை இன்று காலை தபாலில் போட்டுவிட்டேன். என் தவறு என்று மட்டும் எழுதினேன். லோமாக்ஸ் கண்ணடித்ததையும், ராய்க்ராஃப்டிடம் சொன்னதையும் எழுதவில்லை.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

எட்னா


மார்ஷ்போர்ட்
15 மே 1995

எட்னா,

நலம் கேட்க மனசில்லை.

டிவியின் எழுத்துப் பக்கத்தில் படித்தேன். கெல்டர்பி மூன்று புள்ளி இழந்தது, மார்ஷ்போர்ட் மேல் லீகுக்கு. இரண்டே வரி. அடுத்த பக்கம் வானிலைக்கு மாறிவிட்டது.

பெர்சியிடம் ஓடினேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவன் குதிப்பான் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "எனக்கு அன்னிக்கே தெரியும்டா. நான் கேட்டேன், நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்ட. வீட்டுக்கு வந்து விரல் விட்டு எண்ணிப் பாத்தேன்" என்றான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா உன் தங்கச்சி பேர் பேப்பர்ல வரும். அப்புறம் நீ ஞாயித்துக்கிழமை சாப்பிட வருவியா?" என்றான்.

அவன் தன் வாழ்நாள் ஆசையை எனக்காக விழுங்கிக்கொண்டு இருந்தான், எட்னா. நான் என் வெட்கத்தை உனக்காக விழுங்கினேன். உன்னால் மட்டும் எதையும் விழுங்க முடியவில்லை. நீ செய்தது சரியாகவே இருக்கட்டும். எனக்கு நம் ஊர் போயிற்று. இங்கே தெருவெல்லாம் கொடி கட்டியிருக்கிறார்கள், பெர்சி ஒன்றுகூடக் கட்டவில்லை, எனக்காக. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

கொஞ்ச நாள் எழுதாதே.

வால்ட்டர்


கெல்டர்பி
20 ஆகஸ்ட் 1995

அன்புள்ள அண்ணா,

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நீ சொல்லவில்லை. கோடை முடியட்டும் என்று இருந்தேன். உன் முழங்கால் எப்படி? டிவியில் ஏதாவது நல்ல படம் போட்டார்களா?

என் சமாசாரம் கேள். மே மாதமே ராய்க்ராஃப்ட் கிளப் ஆபீஸ் சாவியை வாங்கிக்கொண்டார், "ஓய்வெடுங்க" என்று மறுபடியும் சொன்னார். லோமாக்ஸ் வேறு ஊருக்குப் போய்விட்டான். ஹாப்லி ஒருவன்தான் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்று, "ஏங்க சொல்லல? நீங்க ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் பந்துகிட்டயே போயிருக்க மாட்டேனே" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். டீ போட்டுக் கொடுத்தேன்.

ஊர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் போனால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். ரொட்டிக் கடை ஷீலா, பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவள், மே மாதத்திலிருந்து ரொட்டியைக் கையில் தருவதில்லை, மேசை மேல் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள்.

நேற்று புது சீசன் முதல் ஆட்டம். அதே பழைய லீக். போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். மூன்று மணி நெருங்கியபோது கால் தானாகச் செருப்பைத் தேடியது. முதல் தடவையாக டிக்கெட் எடுத்து உள்ளே போனேன். கேலரியில் நான் நின்ற இடத்தைச் சுற்றி இடம் விட்டு நின்றார்கள். எனக்கு முன்வரிசையில் ஷீலா. தெரிந்திருந்தால் வேறு பக்கம் போயிருப்பேன்.

ஒன்றுக்கு ஒன்று. எல்லோருக்கும் பொறுமை போய்விட்டது. முடியப் போகும் நேரத்தில் கோல் முன்னால் ஒரு தள்ளுமுள்ளு, யார் காலில் பட்டது என்று தெரியாமல் பந்து உள்ளே போயிற்று. கேலரி அப்படியே எழும்பியது. ஷீலா திரும்பினாள், கண்ணை மூடிக்கொண்டு எதிரில் இருந்தவளைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். அந்த எதிரில் இருந்தவள் நான். குதித்து முடித்துக் கண்ணைத் திறந்து பார்த்தாள். அவள் தோள் விறைத்துக்கொண்டது. விட்டுவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

அதே நேரம் எதிரணிக்காரர்கள் ஆஃப்சைடு, கோல் செல்லாது என்று நடுவரைச் சூழ்ந்துகொண்டு கத்த ஆரம்பித்தார்கள். நடுவர் எல்லைக்கோட்டில் கொடியோடு நிற்கும் துணை நடுவரிடம் போனார். கேலரி முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஷீலா என் கையைப் பிடித்தபடியே, "எட்னா, ஆஃப்சைடா? நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள். சுற்றி இருந்தவர்களும் என் முகத்தைப் பார்த்தார்கள். அத்தனை மாதத்துக்குப் பிறகு அத்தனை கண்ணும்.

"இல்ல ஷீலா. நான் பாத்தேன். நல்ல கோல்தான்" என்றேன்.

நடுவர் இன்னும் துணை நடுவரிடம் பேசிக்கொண்டுதான் இருந்தார். அதற்குள் ஷீலா பின்னால் திரும்பி எல்லோருக்கும் கேட்கும்படி கத்திவிட்டாள்: "கோல்தான்! எட்னாவே சொல்லிட்டாங்க!"

உன் தங்கை,
எட்னா